பதவி இறக்கம்

"மேசை உத்தியோகத்துலருந்து மறுபடியும் தெருத்தெருவா தபால் குடுக்க அனுப்பிட்டாகளா? எவன் உங்க மேல மனு போட்டான்?" ஆனந்தமேரி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தாள்.

"விடு மேரி" என்றார் அவள் கணவர் சிலுவைமுத்து.

"விடமாட்டேன். போஸ்ட்மாஸ்டர்கிட்ட நானே போய்க் கேக்குறேன்." செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

அவர் ஓடிப்போய் மறித்தார். "மனு எழுதினதே நான்தான்."

"நீங்களா? எதுக்கு?" என்றாள்.

"எனக்குச் சர்க்கரை வியாதி. நடந்து தபால் குடுத்த வரைக்கும் அடங்கியிருந்துச்சு. உக்காந்து வேலை பாத்த ஆறு மாசத்துல, மூத்திரத்தை மருந்துல காய்ச்சினா செங்கல் நிறமா வருது; அம்புட்டுச் சர்க்கரை. நடந்தாத்தான் உடம்புல ஊறுற இன்சுலின் நல்லா வேலை செய்யும்னு டாக்டர் சொன்னாரு. உன்கிட்டச் சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

ஆனந்தமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "குடுக்கப்போற தபால் அம்புட்டும் இந்த நாகல் நகருக்குள்ளதானா? அம்புட்டுத் தூரத்துல இருக்குற கன்னிவாடி வரைக்கும் நடக்குற மாதிரி கேட்டு வாங்கியிருக்கலாம்ல?" என்றாள்.