தோள் அகலம்

"தோள் இம்புட்டு ஒடுக்கமா இருந்தா சட்டை தொங்கும். இன்னும் ரெண்டு பிடி வைங்க."

நாகலெட்சுமி வைக்கோலை அள்ளி நீட்டினாள். மலையாண்டி வாங்கிப் பனைநாரால் இறுக்கிக் கட்டினார். விடிந்ததிலிருந்து இதே வேலை. தொழுவத்துச் சாக்கின் மேல் கால், இடுப்பு, மார்பு என்று ஓர் ஆள் அளவுக்கு உருவம் வளர்ந்திருந்தது.

ஐந்து மாதமாக இந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்ததே இல்லை. மிளகாய் இரண்டு வருடம் பொய்த்ததும் மகன் சூர்யா பாம்பனுக்குப் படகுக் கூலியாகப் போனான். படகு கவிழ்ந்தபோது கூடப் போன மூன்று பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவன் வரவில்லை. அன்று முதல் மலையாண்டி தினமும் முதல் பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போய்விடுவார். கரையோரமாகவே நடப்பார். எதிர்ப்படுகிறவர்களிடம் போட்டோவைக் காட்டுவார். வீடு திரும்பினால் சோற்றில் கையை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஒருநாள் இவரும் கடலுக்குள் நடந்துவிடுவாரோ என்று நாகலெட்சுமி பயந்துகொண்டே இருந்தாள்.

நேற்றுத்தான், "இனிமே தேடிப் போகல புள்ள" என்றார்.

"வயிறு எதுக்கு இம்புட்டு? அது ஒங்க வயிறு. எம்புள்ளைக்கு ஒட்டிப்போன வயிறு" என்றாள் இப்போது.

"சரி, கொறைக்கிறேன். இடுப்பு சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு. அவன் பெறந்தன்னைக்குத்தான் ஆளக் காணோம். கரும்பு வெட்டப் போயிட்டுப் பத்து நாள் கழிச்சு வந்து எட்டிப் பாத்தீக."

"அதான் இப்பக் கூடவே இருந்து செய்யுறேன்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். கரையெல்லாம் அலைந்தும் கிடைக்காதவன் கைக்கடியில் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தான்.

இருவருமாகக் கட்டம்போட்ட சட்டையை மாட்டினார்கள். தோள் சரியாகப் பொருந்தியது.

"மேல் பொத்தானப் போடாதீக. அவன் போட மாட்டான்."

"இத மொளகாக் கொல்லையில நிப்பாட்டுனா ஒரு மயிலும் பயப்படாது" என்றார் மலையாண்டி. "கூடவே நின்னு பேசிக்கிட்டிருக்கும்."

"எம்புள்ளையப் பாத்து யாரு பயப்படுவா?"

அவள் காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது மலையாண்டியின் தம்பி அய்யப்பன் வந்து நின்றான்.

"அண்ணே, பாடை கட்டியாச்சு. உடம்பு கெடைக்காட்டி உருவம் செஞ்சு எரிக்கிறதுதான் நம்ம வழக்கம்னு நீங்களும் ஒத்துக்கிட்டீக. தூக்கிருவமா?"

"வலது கை இன்னும் முடியலடா" என்ற மலையாண்டி, சட்டைக் கையை மேலே சுருட்டி, நேர்த்தியாகக் கட்டி முடித்திருந்த அந்தக் கையை அவிழ்த்து, மறுபடியும் முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்.