மச்சான் ஆடிய ஆட்டம்

"இடுப்புக்குக் கீழ மரத்துப் போச்சு மேஸ்திரி. கால் இருக்கா இல்லையான்னே தெரியல."

"இருக்குண்ணே. மண்ணுக்குள்ள இருக்கு. பேசிக்கிட்டே இருங்க."

மேஸ்திரியின் குரல் ஒரு மெல்லிய குழாய் வழியாக வந்தது. மேலேயிருந்து மண்ணைத் துளைத்து அதை இறக்கியிருந்தார்கள். காற்றும் அதே வழிதான். காலையில் பள்ளத்தின் பக்கச்சுவர் சரிந்தபோது, நெட்டையன் பக்கத்தில் கிடந்த பெரிய சிமென்ட் குழாய்க்குள் பாய்ந்தான். தலையும் நெஞ்சும் உள்ளே போய்விட்டன. அந்த உயரத்துக்கு மீதி உடம்பு வெளியே நின்றுபோனது. இப்போது அதன்மேல் ஈரமண்.

பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளி அவன் மச்சான், மனைவியின் தம்பி, புதைந்திருந்தான். அங்கேயும் ஒரு மெல்லிய குழாய் இறக்கியிருந்தார்கள். மேஸ்திரி இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தார்.

"தூங்கிடக் கூடாதுண்ணே. தூங்குனா போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஆனால் கண் சொருகியது. இருட்டு ஒரு போர்வைபோல இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவனைப் பயமுறுத்தியது.

"மச்சான் என்ன பண்றான்?"

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "உங்களை ஆட்டத்துக்குக் கூப்பிடறாரு. வெள்ளைக் காய் அவருக்காம். ராணிக்கு முன்னால நிக்கற சிப்பாய் ரெண்டு கட்டம்."

நெட்டையனுக்குச் சிரிப்பு வந்து விலாவில் குத்தியது. பள்ளம் தோண்டும்போது இருவரும் பலகை இல்லாமலே சதுரங்கம் ஆடுவார்கள். கையில் மண்வெட்டி, வாயில் ஆட்டம். தோற்றவன் சாயங்காலம் ஜெயித்தவனின் மண்வெட்டியையும் வீடுவரை சுமக்கவேண்டும். நேற்றுத் தோற்றது நெட்டையன். முதுகு வலிக்குது, நாளைக்குத் தூக்கறேன் என்று சொல்லித் தப்பித்திருந்தான்.

"இந்த நிலைமையிலயும் கூடு கட்ட வந்துட்டானா பய?"

"எனக்கு இதுல ஆனையும் தெரியாது பூனையும் தெரியாதுண்ணே. நீங்க ஆடுங்க."

மச்சானுக்குத் தெரிந்த தொடக்கம் ஒன்றே ஒன்று. எதிராளி எந்தக் காயை நகர்த்தினாலும் அவன் தன் வரிசையையே ஆடுவான். நடுச் சிப்பாய், பின்னாலேயே மந்திரி, சிப்பாய்களை வைத்து முட்டு, குதிரை, இன்னொரு மந்திரி, ராணி, கடைசியில் ராஜாவுக்குக் கோட்டை. நெட்டையன் அதைக் குளவிக்கூடு என்பான். கூடு முடிந்த பிறகுதான் கொட்ட வருவான். இந்தப் பள்ளத்துக்கு யாராவது அப்படி முட்டுக் கொடுத்திருந்தால் இருவரும் இந்நேரம் வெளியே நின்றிருப்பார்கள்.

நெட்டையன் பதில் சொன்னான். மேஸ்திரியின் காலடி தூரப் போய்த் திரும்பி வந்தது. மந்திரி வந்தது. சிப்பாய்கள் வந்தன. நடுவில் ஒருமுறை மண் பொதபொதவென்று சரிந்து அவன் முதுகை அழுத்தியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காய்களை மட்டும் நினைத்தான்.

"ராணி வெளிய வந்துடுச்சாம். குதிரைச் சிப்பாய்க்கு முன்னால நிக்குதாம்."

"என் ராணிப்பக்கக் குதிரையை ஓரத்துக்குத் தாவ விடறேன். அது நேரா அவன் ராணியை அடிக்குதுன்னு சொல்லுங்க."

மேஸ்திரி போனார், வந்தார். "கோட்டை கட்டிட்டாராம்."

"ராணியை நகர்த்தலையா?"

"ராணியைப் பத்தி ஒண்ணும் சொல்லலண்ணே."

நெட்டையனின் தூக்கம் பறந்தது. மச்சான் ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா விடமாட்டான். ராணியையா விடுவான்? குதிரையால் ராணியை எடுத்தால் ஓரச் சிப்பாய் குதிரையை எடுக்கும். யானைக்கு நீளமாக ஒரு வழி திறக்கும். அப்புறம்? அதற்கப்பால் அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாத இடத்தில்தான் ஏதோ பதுங்கியிருந்தது.

"பெரிசா எதுக்கோ வலை விரிச்சிருக்கான் மேஸ்திரி. நான் எடுக்கல. நானும் கோட்டை கட்டறேன்னு சொல்லுங்க."

காலடி தூரப் போய்த் திரும்பி வந்தது.

"மேஸ்திரி?"

"யோசிக்கிறாருண்ணே."

நெட்டையன் இருட்டில் கிடந்து ஒவ்வொரு தாக்குதலாகத் தேடினான். மச்சானின் மந்திரி குறுக்கே பாய்ந்து இவன் ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயைத் தின்னுமோ? பின்னாலேயே குதிரை குதிக்குமோ? ஒன்றை அடைத்தால் இன்னொன்று திறந்தது. கண்ணை மூட முடியவில்லை.

"இன்னுமா யோசிக்கிறான்?"

"இன்னும் யோசிக்கிறாருண்ணே. நீங்களும் யோசிங்க. விட்டுடாதீங்க."

தலைக்கு மேல் மண்வெட்டிச் சத்தம் நெருங்கியது. வெளிச்சம் கண்ணைக் குத்தியது. நாலைந்து கைகள் அவனை உருவி எடுத்து ஸ்டிரெச்சரில் கிடத்தின.

"என்ன ஆடினான் மேஸ்திரி? அதை முதல்ல சொல்லுங்க."

மேஸ்திரி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தள்ளி, இன்னொரு குழாய் நட்டிருந்த இடத்தில் யாரும் தோண்டிக்கொண்டிருக்கவில்லை.

"குழாய் இறக்கும்போதே அவருக்கு நெஞ்சு நசுங்கிப் போயிருந்துச்சுண்ணே. 'மாமா எதை ஆடினாலும் இதையே வரிசையாச் சொல்லுங்க, அவரு தூங்கமாட்டாரு'ன்னாரு. கோட்டை வரைக்கும் சொன்னாரு. முதல் சிப்பாயை உங்ககிட்ட நான் வந்து சொல்றதுக்குள்ளயே மூச்சு நின்னுடுச்சு."

பள்ளத்தின் மேட்டில் இரண்டு மண்வெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. மச்சானுடையதை வீடுவரை சுமக்கவேண்டிய நேற்றைய கடன் நெட்டையனுக்கு இன்னும் பாக்கி.