அருவிப் பாட்டும் பஸ் பாட்டும்

“பஸ் பாட்டாம், பஸ் பாட்டு! கத்தரிக்கா மூட்டை ஏறுதாம், முருங்கைக்கா கட்டு ஏறுதாம், பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகுதாம். இதெல்லாம் ஒரு பாட்டா?”

பொன்செல்விக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஆயா மாரித்தாயின் காதருகே போய்க் கிசுகிசுப்பாகத்தான் திட்ட முடிந்தது.

மேலகரத்தில் அந்த நர்சரிப் பள்ளியில் யூகேஜி ‘ஏ’ பிரிவு பொன்செல்விக்கு. ‘பி’ பிரிவு, போன ஜூனில் வேலைக்குச் சேர்ந்த ஹம்னாவுக்கு. பன்னிரண்டு வருஷமாக கிராஜுவேஷன் விழாவில் பொன்செல்வியின் பாட்டுதான். கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகப் பிள்ளைகள் பாட, மைக் பக்கத்தில் பட்டுச்சேலையில் நிற்பாள். அந்த இடத்துக்குத்தான் இந்த வருஷம் ஆபத்து வந்துவிட்டது.

“ரெண்டு பேரு பாட்டையும் வியாழக்கிழமை கேப்போம். எது நல்லாருக்கோ, அத மட்டும் விழாவுல வைப்போம்” என்று சொல்லிவிட்டார் தாளாளர் குற்றாலிங்கம்.

ஹம்னாவின் பஸ் பாட்டு ஒரே வாரத்தில் பள்ளி முழுக்கப் பரவியது. வேன் டிரைவர்கூட அதை விசிலடித்தார். பொன்செல்வி தானே உட்கார்ந்து எழுதிய அருவிப் பாட்டைப் பாட வேண்டிய அவள் வகுப்புப் பிள்ளைகளும், சாப்பாட்டு நேரத்தில் ‘முருங்கைக்கா ஏறு’ என்றுதான் முனகின. பொன்செல்விக்கு வயிறு எரிந்தது.

போதாததற்கு, திங்கட்கிழமை வகுப்புப் பக்கம் வந்த தாளாளர், “என்னம்மா, பிள்ளைக பாடுதா, கத்துதா? கழுத்து நரம்பெல்லாம் பொடைக்கு” என்றார்.

“இன்னும் பழக்கணும் சார்” என்றாள்.

பழக்கினாள். தானும் கத்தி, பிள்ளைகளையும் கத்தவைத்து, செவ்வாயும் புதனும் காய்ச்சலில் படுத்தாள். இரண்டு பிரிவையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஹம்னாதான் பார்த்துக்கொண்டாள்.

இன்றைக்கு வியாழன்.

“ரெண்டு நாளும் அவ என்ன பண்ணுனா, மாரித்தாய்?”

“பாட்டுத்தான் டீச்சர். காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பாட்டு. கதவ வேற சாத்திக்கிட்டாக.”

“எந்தப் பாட்டு?”

“நான் எல்கேஜி பக்கம்லா நின்னேன். எனக்கு என்ன தெரியும்?”

கேட்கவா வேண்டும்? பொன்செல்விக்குப் புரிந்துவிட்டது. உடனே ஒரு தாளை எடுத்தாள்.

‘நான் விடுப்பில் இருந்தபோது ஹம்னா, என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தன் பாட்டைச் சொல்லிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார். இப்படிப்பட்டவரை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள வேண்டாம்.’

கையெழுத்துப் போட்டு, தாளாளர் மேஜையில் வைத்தாள்.

“கண்ணாடிய வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்மா. அங்கன இருக்கட்டும், பொறவு பாக்கேன்” என்றார்.

முதலில் ‘பி’ பிரிவு, தாளாளர் அறைக்கே வந்து பாடியது. மூன்றாவது வரியில் பாதிப் பிள்ளைகள் கத்தரிக்காயை ஏற்ற, மீதி முருங்கைக்காயை ஏற்ற, பஸ் அங்கேயே நின்றுவிட்டது.

“என்ன ஹம்னா, பிராக்டீஸ் பத்தலையோ?”

“ஆமா சார். ரெண்டு நாளா முடியல.”

பொய்க்காரி! கதவைச் சாத்திக்கொண்டு பாடினது ஊருக்கே தெரியும். ஆனாலும் பொன்செல்விக்கு உள்ளூர இனித்தது.

அடுத்து ‘ஏ’ பிரிவு. முதல் வரியை எப்போதும் பொன்செல்விதான் எடுத்துக் கொடுப்பாள். வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. போச்சு, இதுகள் பஸ் பாட்டை ஆரம்பிக்கப் போகின்றன என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பிள்ளைகள் தாமாகவே ஆரம்பித்தன. அருவிப் பாட்டு. கத்தல் இல்லை. தாழ்ந்த குரலில், ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. தான் எழுதியது இவ்வளவு நல்ல பாட்டா என்று பொன்செல்விக்கே அப்போதுதான் தெரிந்தது.

தாளாளர் எழுந்து நின்று கைதட்டினார். “இதாம்மா பாட்டு! இதையே வச்சிருவோம். மூணே நாள்ல எப்படிம்மா இப்படி மாத்துன?”

“பயிற்சிதான் சார்” என்று தேய்ந்த குரலில் சொல்லிவிட்டு, ஓரக்கண்ணால் ஹம்னாவைப் பார்த்தாள். அவளும் கைதட்டிக்கொண்டிருந்தாள். நடிப்பு!

முன் வரிசையில் நின்ற வேல்விழி, பொன்செல்வியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

“மிஸ், நல்லாப் பாடுனோமா? ஹம்னா மிஸ்தான் சொல்லித் தந்தாங்க. நீங்க ரொம்ப ஒசக்க ஆரம்பிக்கீங்கள்லா, அதான் எங்களுக்குத் தொண்ட வலிக்குதாம். கொஞ்சம் கீழருந்து ஆரம்பிச்சா வலிக்காதாம்.”

“பஸ் பாட்டு?”

“அது பாடவே இல்ல மிஸ். ரெண்டு நாளும் ஒங்க பாட்டு மட்டுந்தான். ‘மிஸ் காய்ச்சல் சரியாகி வந்ததும் பாடிக் காட்டுங்க, சந்தோசப்படுவாங்க’ன்னாங்க.”

பொன்செல்வி சட்டென்று மேஜையைப் பார்த்தாள். கடிதம் அங்கே இல்லை. தாளாளர் கையில் இருந்தது.

“காலையில பொன்செல்வி என்னமோ எழுதிக் குடுத்தா. அவளுக்குத் தொண்டை இல்ல, எனக்குக் கண்ணாடி இல்ல. ஹம்னா, நீ சத்தமா வாசிம்மா.”

“வேண்டாம் சார்...” என்றாள் பொன்செல்வி. அது யாருக்கும் கேட்கவில்லை.

ஹம்னா கடிதத்தைப் பிரித்தாள். கடைசி வரிவரை மனசுக்குள் படித்தாள். அவள் முகம் வாடிப்போனது. நிமிர்ந்து ஒரு தடவை பொன்செல்வியைப் பார்த்தாள். பிறகு தாளை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு நாளும் பிள்ளைகளப் பாத்துக்கிட்டதுக்கு, எனக்கு நன்றி சொல்லி எழுதியிருக்காங்க சார்.”