ஆரஞ்சு லெஹரியா

அரண்மனை வாசலில் காவலாளி அம்மாவின் பையைத் திறந்து பார்த்தார். அம்மா அவர் காதருகே போய் ஏதோ சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்து, பையை மூடி, ஒரு கும்பிடும் போட்டு உள்ளே அனுப்பினார்.

"பையில என்னம்மா?"

"உன் தலை. நடடி, லாடோ."

எனக்கு இருந்த படபடப்பில் நானும் மேலே கேட்கவில்லை.

எங்கள் தெருவில் பெண் பார்க்க யாரும் வீட்டுக்கு வருவதில்லை. இரண்டு குடும்பமும் தற்செயலாக அரண்மனை பார்க்க வந்ததுபோல வந்து, தற்செயலாகச் சந்திக்க வேண்டும். பிடிக்காவிட்டால் தற்செயலாகவே பிரிந்து போகலாம். அக்கம்பக்கத்து வாய்க்கு அவல் கிடைக்காது.

இப்படி ஆறு தற்செயல் முடிந்திருந்தது. ஆறையும் அம்மாதான் தட்டிக் கழித்தாள். ஒருத்தனுக்குக் காது பெரிசு. ஒருத்தன் ஓயாமல் சிரிக்கிறான். இன்னொருத்தன் சிரிக்கவே மாட்டேன் என்கிறான்.

இது ஏழாவது. இதில் நான் ஒரு தில்லுமுல்லு செய்திருந்தேன்.

போன வாரம் சம்பந்தம் பேசுகிற அத்தை போன் செய்தபோது அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு காலை பத்து மணி, அரண்மனையின் மயில் முற்றம், பையனின் அம்மா அலைக்கோடு போட்ட பச்சை லெஹரியா முக்காடு போட்டிருப்பாள் என்றாள் அத்தை. குளித்துவிட்டு வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தேன். பச்சையை மட்டும் ஆரஞ்சு ஆக்கினேன்.

அப்புறம் மொட்டை மாடிக்கு ஓடிப்போய் தீபேஷுக்குப் போன் போட்டு, "உங்கம்மாவுக்கு எப்பாடுபட்டாவது ஒரு ஆரஞ்சு லெஹரியா பிடி" என்றேன்.

தீபேஷ் பிச்சோலா ஏரியில் நீலக்கூரைப் படகு ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாக நான் துணி காயப்போடுகிற சாக்கில் மாடியிலிருந்து பார்ப்பதெல்லாம் அந்தப் படகைத்தான். இதை அம்மாவிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. ஏழாவதாக அவன் வந்து நிற்கட்டும், தற்செயலாக அம்மாவுக்குப் பிடிக்கட்டும். பிடிக்காவிட்டால் என் கதை கந்தல்.

எல்லாம் யோசித்த எனக்கு இது சாவன் மாதம் என்பது மட்டும் உறைக்கவில்லை. மழை மாதத்தில் எங்கள் ஊரில் லெஹரியா கட்டாத பெண் ஏது?

மயில் முற்றத்தில் காலடி வைத்ததும் எனக்குத் தலை சுற்றியது. எங்கே பார்த்தாலும் அலை அலையாய்க் கோடு போட்ட முக்காடுகள். பச்சை, பச்சை, அதோ இன்னொரு பச்சை. இதில் எது அத்தை சொன்ன பச்சையோ? போதாக்குறைக்கு சுவரில் கண்ணாடித் துண்டு பதித்த மூன்று மயில்களில் முதலாவதன் கீழேயே ஓர் ஆரஞ்சு லெஹரியா, பக்கத்தில் கொழுகொழுவென்று ஒரு மகன்!

அம்மா அவர்களைப் பார்த்துத்தான் நடந்தாள். ஏக்லிங்க சாமி, காப்பாத்து!

சாமி காப்பாற்றியது. அம்மா அவர்களைத் தாண்டி, ஒரு கூட்டத்தையே விலக்கிக்கொண்டு, நேரே மூன்றாவது மயிலுக்குப் போனாள். அங்கே இரவல் ஆரஞ்சு முக்காட்டில் தீபேஷின் அம்மா முழித்துக்கொண்டு நின்றார்.

"அடடே, நீங்களா! பார்த்து எத்தனை வருஷமாச்சு!" என்றாள் அம்மா. இருவரும் அதுவரை சந்தித்ததே இல்லை.

"ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்களே!" என்றார் அவரும், விட்டுக்கொடுக்காமல்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். தீபேஷ் மயிலின் கழுத்தில் எத்தனை கண்ணாடித் துண்டு என்று எண்ணுகிறவன்போல அண்ணாந்து நின்றான். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். காதைப் பார்த்தாள்.

அம்மா பையைத் திறந்தாள்.

உள்ளே குங்குமம் வைத்து, சிவப்புக் கயிறு சுற்றிய தேங்காய்.

பெண் பார்க்க வருகிறவர்கள் தேங்காய் கொண்டுவருவதில்லை. நிச்சயம் செய்ய வருகிறவர்கள்தான் கொண்டுவருவார்கள். ஆறு முறையும் அம்மா வெறுங்கையோடுதான் வந்திருந்தாள்.

அவள் அதைத் தீபேஷின் இரண்டு கையிலும் வைத்தாள்.

"திருப்பத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா ஓட்டணும், மாப்ளே. செவ்வாய்க்கிழமை என் முக்காடெல்லாம் தொப்பலா நனைஞ்சுபோச்சு."

தீபேஷ் தேங்காயைக் கீழே போடாதது பெரிய விஷயம். முகம் மறைய முக்காடு இழுத்துவிட்ட பெண்கள் அவன் படகில் தினமும் பத்துப் பேர் ஏறுகிறார்கள். அதில் ஒருத்தி என் அம்மா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை கொடியில் சொட்டச் சொட்டத் தொங்கிய முக்காட்டைப் பிழிந்து போட்டவள் நான். எனக்கே தெரியவில்லை.

"அப்போ... பச்சை?" என்றேன்.

"அத்தை மறுநாளும் போன் பண்ணினா. பச்சைக்காரங்களை வர வேண்டாம்னு சொல்லிட்டேன். ரெண்டு வருஷமா நீ மாடியில என்ன காயப்போடறேன்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு என் காதைப் பிடித்துத் திருகி, அதிலேயே மெல்லச் சொன்னாள்:

"நீயா வாயைத் திறப்பேன்னு ஆறு பேரைத் தட்டிக் கழிச்சேன், லாடோ. ஏழாவது ஆளுக்குச் சொல்ல என்கிட்ட குறையே மிச்சமில்ல."