கடல் பார்த்த ஏரியல்

கேரவன் வீட்டுவண்டிகளுக்கான சாமான் கடைக்காரி இரண்டு டிவி ஏரியல்களை, கூரையில் மாட்டும் ஆன்டெனாக்களை, எடுத்து வைத்தாள்.

"இந்த வட்டமானதைத் திருப்பவே வேணாம். கம்பி வச்சதுன்னா ஒருத்தர் வெளிய நின்னு திருப்பணும், இன்னொருத்தர் உள்ள படத்தப் பாத்துச் சொல்லணும். தனி ஆளுக்கு வட்டம்தான் சார் சரி."

"கம்பி வச்சதையே குடு கண்ணு," என்றார் டெரிக்.

படம் தெளிந்ததும் உள்ளிருந்து ஸ்பூனால் ஜன்னலைத் தட்டுவது அவர் மனைவி ஐரிஸின் வழக்கம். மார்ச்சில்தான் அவளை அடக்கம் செய்திருந்தார்.

இங்கிலாந்தின் விட்பி கடற்கரை கேரவன் முகாமில் எல்லா ஏரியல்களும் மலைமேல் இருந்த டிவி ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்திருந்தன. டெரிக் தன்னுடையதைப் பழக்கம் போல மெல்லத் திருப்பினார். ஏரியல் மலைக்கு நேராக வந்தது, ஜன்னலில் சத்தமில்லை. மேலும் திருப்பினார்.

"யோவ் டெரிக்! கடல்ல மீனா உனக்குப் படம் காட்டும்?" என்று சிரித்தார் பக்கத்து வண்டி நார்மன்.

ஏரியல் நேராகக் கடலைப் பார்த்தபோது, ஜன்னலில் டக் டக் என்று கேட்டது.

டெரிக் அங்கேயே திருகாணியை முடுக்கினார். உள்ளே போனார். திரை முழுக்கப் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. ஜன்னலோரம் ஐரிஸ் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் அமர்ந்து, வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.