பாப்பாவுக்குப் பயம்

"கிட்ட வராதீங்க டாக்டர், பாப்பா பயப்படுது!"

லாயக்காரம்மா சொல்லி முடிப்பதற்குள் பாப்பா இரண்டடி பின்வாங்கி உடம்பைச் சிலிர்த்தது. டாக்டர் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அதைப் பயமுறுத்தக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

"பாவம், சின்னக் குட்டி. என்னைப் பார்த்தாலே வெடவெடன்னு நடுங்குது" என்றார் அங்கிருந்தபடியே. குதிரை குள்ளம், பேரும் பாப்பா. பார்த்தாலே இரக்கம் வந்தது.

பதினோரு வருஷம் கோழிப்பண்ணையில் ஊசி போட்டவர் அவர். போன வாரம்தான் இந்தக் குதிரை ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கிடைத்தது. மாதக் கடைசியில் பெரிய டாக்டர் வருவார். அவர் கண்ணெதிரே ஒரு குதிரையின் வாயைத் திறந்து பரிசோதித்துக் காட்டாவிட்டால் மறுபடி கோழிதான். மகளோ 'எங்கப்பா குதிரை டாக்டர்' என்று பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

பழகிக்கொள்ளச் சொல்லி லாயக்காரம்மாதான் பாப்பாவைக் கொடுத்திருந்தாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். டாக்டரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டுமென்றால் பல் இருக்கிற பக்கம் போக வேண்டுமே.

"அதட்டினா வேலைக்காகாது டாக்டர். இதுக்குக் கிளிக்கர்தான் சரி" என்று அவள் தன்னிடமிருந்த இரண்டு சின்னப் பொத்தான் டப்பாக்களில் ஒன்றைக் கொடுத்தாள். அமுக்கினால் 'டிக்' என்று சத்தம் வரும். பயந்த பிராணி தைரியமாக ஒரு காரியம் செய்த அதே நொடியில் டிக், உடனே தின்ன ஏதாவது. நம்பிக்கை தானாக வளருமாம்.

"அவசரமே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு அடி முன்னால வந்தாப் போதும். அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்" என்றாள்.

முதல் நாள் டாக்டர் வேலிக்கு வெளியே நின்றார். பாப்பா அவர் பக்கம் ஒரு காதைத் திருப்பியது. டிக். கேரட்டை எறிந்தார். அது குதிரையைத் தாண்டி அடுத்த கொட்டடியில் விழுந்தது.

"பிரமாதம் டாக்டர்!" என்று லாயக்காரம்மா மேலங்கிப் பையிலிருந்து ஒரு கிரீம் பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். காலையில் பட்டினியாக வந்தவர், மறுக்கவில்லை.

மறுநாள் வேலிக்குள் ஒரு காலை வைத்தார். பாப்பா நகரவில்லை. டிக். அதற்குக் கேரட், அவருக்குப் பிஸ்கட். அதற்கடுத்த நாள் இரண்டாவது காலும் உள்ளே வந்துவிட்டது. அன்று நாலைந்து தடவை டிக்.

ஐந்தாம் நாள் பாப்பா தும்மியது. டாக்டர் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தார். அன்று டிக்கும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. சாயங்காலம் வரை அவருக்கு மனசே சரியில்லை.

"குதிரை எப்படிங்க இருக்கு?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"ரொம்பப் பயந்த சுபாவம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வழிக்குக் கொண்டு வரணும்."

"அது சரி, உங்க சட்டை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்குது?"

மூன்றாவது வாரம் பாப்பாவின் கழுத்தில் கை வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. பாப்பா பெருமூச்சு விட்டு அவர் தோளில் தலையைச் சாய்த்தது. ஒரு வாயில்லா ஜீவன் தன்னை நம்பிவிட்டதே என்று டாக்டர் அழுதேவிட்டார். அன்றைக்கு லாயக்காரம்மா இரண்டு பிஸ்கட் கொடுத்தாள்.

மாதக் கடைசி வந்தது. பெரிய டாக்டர் கடுகடுவென்ற முகமும் கையில் பேனாவுமாக வந்து நின்றார்.

"ம், ஆரம்பிங்க."

டாக்டர் நேராக உள்ளே போனார். "பயப்படாதடி கண்ணு, நான் இருக்கேன்ல" என்று தாடையைத் தடவினார். கட்டை விரலைக் கடைவாய்ப் பக்கம் நுழைத்து வாயைத் திறந்தார். பாப்பா சமர்த்தாகக் காட்டியது. பெரிய டாக்டர் தலையை ஆட்டிவிட்டுத் தாளில் 'தேறினார்' என்று எழுத ஆரம்பித்தார்.

டாக்டர் மட்டும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பல்லெல்லாம் நீளமாக, மஞ்சளாக, முன்பக்கம் சாய்ந்து தேய்ந்து கிடந்தன. குனிந்து இன்னொரு முறை பார்த்தார்.

"ஏம்மா, இது குட்டி இல்லையே! பல்லைப் பார்த்தா இருபத்தஞ்சு வயசு இருக்கும் போலிருக்கே! இந்தக் கிழவியா என்னைப் பார்த்து நடுங்குச்சு?"

"ரெண்டடி பின்னால போயி உடம்பைச் சிலிர்க்கணும்னு பத்து வருஷத்துக்கு முன்னாடியே பழக்கி வச்சேன் டாக்டர்" என்றாள் லாயக்காரம்மா. மேலங்கிப் பைக்குள் கையை விட்டாள்.

டிக்.

டாக்டரின் கை தானாக நீண்டது. பக்கத்தில் பெரிய டாக்டரும் பேனாவைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

லாயக்காரம்மா ஆளுக்கொரு பிஸ்கட்டை வைத்தாள்.

"பெரிய டாக்டருக்குப் பன்னெண்டு பாக்கெட் ஆச்சு, நீங்க ஏழுலயே பழகிட்டீங்க."