ஒரே இணைப்பில் இரண்டு ஓட்டு

தார்த்து நகர இணைய மன்றத் தேர்தலில், ஒரே வீட்டு இணைப்பிலிருந்து இரண்டு ஓட்டுகள் விழுந்திருந்தன. சரிபார்க்கும் பொறுப்பிலிருந்த ஊர்மாஸ் வீட்டில் தன் அறையிலிருந்தபடி சோர்வுடன் போன் செய்தார். அன்றைக்கு அது நாற்பதாவது அழைப்பு.

“லேலோ அவர்களா? உங்க இணைப்புலேர்ந்து ரெண்டு ஓட்டு வந்திருக்கு. ரெண்டாவதா வந்த உங்க ஓட்டை நீக்கணும்.”

“முதல் ஓட்டு என் புருஷனோடதுங்க.”

“ரெண்டு பேர்தான்னு தெரியணும். நீங்க பேசிக்கிறது என் காதுல விழணும். அதான் விதி.”

“எதிரணிக்கு ஓட்டுப் போட்டேன்னு எட்டு நாளா அவர் எங்கிட்ட பேசலைங்க.”

“அப்ப நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

அறைக் கதவு திறந்தது. காதில் போனோடு அவர் மனைவி லேலோ நின்றிருந்தாள்.

“இப்பப் பேசிட்டோம்ல? என் ஓட்டைச் சேத்துக்க, ஊர்மாஸ்.”